சேர்வராயன் மலையின் இயற்கைத் தாவரங்களைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து வரைபடமாக்குவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்திலிருந்து வடக்கே நிமிர்ந்து பார்த்தால் சேர்வராயன் மலை ஒரே பச்சைச் சுவராகத் தெரியும். மழைக்காலம் முடிந்த சனவரி மாதத்தில் எடுக்கப்பட்ட செயற்கைக்கோள் படத்தைத் திறந்தாலும் ஏறக்குறைய அதே பச்சைதான் கிடைக்கும். ஆனால் அந்தப் பச்சைக்குள் அடிவார முட்புதர்க் காடு, இலையுதிர் காடு, ஓடைப் பள்ளங்களில் ஒதுங்கியிருக்கும், ஆண்டு முழுவதும் பச்சையான சோலைக்காடு, உண்ணிச்செடி மண்டிய வெளி, சில்வர் ஓக் நிழலில் வளரும் காப்பித் தோட்டம், மாந்தோப்பு ஆகிய அனைத்தும் கலந்திருக்கின்றன. இவற்றுள் எது இயற்கைத் தாவரம், எது மனிதர் நட்டது என்று பிரித்துக் காட்டுவதே இந்த வேலையின் சாரம்.

டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987 முதல் ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை நாட்டின் வனப்பரப்பை அறிக்கையாக வெளியிட்டு வருகிறது. அதன் வரையறைப்படி, மரங்களின் விதானம் (மேலே கிளைகளும் இலைகளும் சேர்ந்து அமைக்கும் கூரை) 10 விழுக்காட்டுக்குக் குறையாமல் மூடியிருக்கும் ஒரு ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட எந்த நிலமும், யாருக்குச் சொந்தமானாலும், எவ்வகை மரம் நின்றாலும், வனப்பரப்பாகவே கணக்கிடப்படும். நாடு முழுவதையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டிய நிறுவனத்துக்கு இந்த வரையறை பொருந்தும். ஏற்காட்டின் காப்பித் தோட்டமும் மரமாகவே எண்ணப்படுவதால், வாழிடங்களைத் தேடும் நமக்கு அது போதாது. தாவரவியல் அல்லது புவியியல் மாணவர்களும், கணினியில் ஓரளவு பழக்கமுள்ள இயற்கை ஆர்வலர்களும், இந்த மலைக்கென ஒரு வரைபடத்தைத் தாங்களே உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காக இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. தேவையான படங்களும் மென்பொருள்களும் அனைத்தும் இலவசமாகவே கிடைக்கின்றன.

முதற்படி: படத்தைத் திறக்குமுன் வகைகளை எழுதி வைத்தல்

பெரும்பாலானோர் படத்தைப் பதிவிறக்கிவிட்டுப் பிறகு வகைகளைத் தேடுகின்றனர். அவ்வாறு செய்தால் கணினி எளிதாகப் பிரித்துத் தருவதையே நாமும் வகையென்று ஏற்றுக்கொள்ள நேரிடும். ஆகவே முதலில் ஒரு தாளில், இன்ன வகை என்றால் தரையில் என்ன இருக்க வேண்டும் என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். இந்தியக் காடுகளுக்கு, 1968-இல் வனவியலாளர்களான சாம்பியனும் சேத்தும் வெளியிட்ட வகைப்பாடே இன்றும் அடிப்படையாக உள்ளது. அதிலுள்ள தென்னிந்திய முட்புதர்க் காடு, வறண்ட இலையுதிர் காடு, ஈர இலையுதிர் காடு, அரைப் பசுமைமாறாக் காடு ஆகியவற்றைச் சேர்வராயன் மலையில் அடிவாரத்திலிருந்து உச்சி வரை பல்வேறு அளவில் காணலாம்.

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டியும் உள்ளன. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கும் ஒருமணி நேரப் பேருந்துப் பயணத்தில் இந்த வகைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறுவதைச் சன்னலோரம் அமர்ந்தே பார்த்துவிடலாம். குரும்பப்பட்டிப் பக்கம் வேலமும் உசிலையும் நிற்கும் முட்புதரில் தொடங்கி, மேலே ஏற ஏற வெக்காலி போன்ற இலையுதிர் மரங்களும் மூங்கிலும் தென்பட்டு, உச்சியை நெருங்கும்போது சில்வர் ஓக் வரிசைகள் வந்துவிடும். வேலையைத் தொடங்குமுன் இந்தப் பயணத்தை ஒருமுறை மார்ச்சிலும் மறுமுறை நவம்பரிலும் மேற்கொள்வது மிகுந்த பயன் தரும்.

சொற்களிலும் கவனம் தேவை. சேலம், கொங்குப் பகுதிகளில் காடு என்றால் பல நேரங்களில் மானாவாரி விவசாய நிலம் என்றே பொருள்படும். "காட்டுக்குப் போயிருக்காருங்க" என்று ஒரு வீட்டில் சொன்னால், அவர் சோளம் விதைத்த நிலத்துக்குப் போயிருக்கிறார் என்று கொள்ள வேண்டும். நாம் தேடும் காட்டுக்கு வனம், ஃபாரஸ்ட், ரிசர்வ் என்ற சொற்களையே மக்கள் வழங்குகின்றனர். பாறையும் புதரும் கலந்த சிறு குன்றைக் கரடு என்கின்றனர். இந்தக் கரடு என்னும் சொல் எந்த நூலின் வகைப்பாட்டையும்விட நிலத்துக்குப் பொருத்தமாக இருப்பதால், அதையே ஒரு வகையின் பெயராக வைத்துக்கொள்வதில் தவறில்லை. தலைச்சோலை போன்ற ஊர்ப்பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அவை இன்றைய நிலைக்குச் சான்றாகா. எனினும் எங்கே நின்று தேடலாம் என்பதற்குக் குறிப்புத் தரும்.

நான் பரிந்துரைக்கும் வகைகள்: முட்புதரும் கரடும், வறண்ட இலையுதிர் காடு, ஈர இலையுதிர் காடு, சோலையும் அரைப் பசுமைமாறாக் காடும், மலைப்புல்வெளி, வெறும் பாறை, நிழல்மரக் காப்பி, பிற தோப்புகள், பயிர்நிலம், நீர்நிலை, சுரங்கமும் கட்டடமும். பதினொன்றுக்கு மேல் போக வேண்டாம். வாழிட வரைபடத்துக்குப் பாறையும் புல்வெளியும் மிக முக்கியமானவை. சேர்வராயன் கோயிலைச் சுற்றிய உச்சிப் பகுதியின் புல்வெளிகள் பரப்பில் சிறியவை என்பதால், அவற்றைப் பயிர்நிலத்தோடு சேர்த்துவிடும் தவறு அடிக்கடி நிகழ்கிறது.

எல்லையும் ஆள்கூறுகளும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆயினும் சேலத்துக்கே உரிய ஒரு சிக்கல் இதில் இருக்கிறது. கிழக்குத் தீர்க்கக்கோடு 78 பாகை, நகரத்துக்குச் சற்று மேற்கே செல்கிறது. உலகை மண்டலங்களாகப் பிரித்து இடங்களை மீட்டர் அளவில் குறிக்கும் யு.டி.எம். முறையில் இக்கோடே 43, 44 ஆகிய மண்டலங்களின் எல்லையாகும். ஏற்காடும் சேலமும் 44-ஆம் மண்டலத்திலும், மேட்டூரும் எடப்பாடியும் சங்ககிரியும் 43-ஆம் மண்டலத்திலும் விழுகின்றன. இந்திய நில அளவைத் துறையின் பழைய நிலவரைபடங்களிலும் 58 I என்னும் எண் கொண்ட தாள் இந்தக் கோட்டிலிருந்துதான் கிழக்கே தொடங்குகிறது. மலையை மட்டும் வரைவதானால் 44-ஆம் மண்டலத்தை, அதாவது மென்பொருள்களில் அம்மண்டலத்தைக் குறிக்கும் இ.பி.எஸ்.ஜி. 32644 என்னும் குறியீட்டை, எல்லாக் கோப்புகளுக்கும் வைத்துக்கொள்ளலாம். மாவட்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் இரு மண்டலப் படங்களும் வந்து சேரும். அப்போது அனைத்தையும் ஒரே மண்டலத்துக்கு மாற்றிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

எல்லையை நிர்வாக எல்லையாகக் கொள்ளாமல், மலையடிவாரத்திலிருந்து வெளிப்புறமாக ஓரிரு கிலோமீட்டர் தள்ளி வரைந்துகொள்வது நல்லது. முட்புதர்க் காடு முடியும் இடம் தாலுகா எல்லையைப் பார்த்து முடிவதில்லை.

எந்தச் செயற்கைக்கோள்?

ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 செயற்கைக்கோள்களே இந்த வேலைக்கு முதல் தேர்வு. 2015-இல் முதலாவதும் 2017-இல் இரண்டாவதும் ஏவப்பட்டபின், ஒரே இடம் ஐந்து நாளுக்கு ஒருமுறை படமெடுக்கப்பட்டு வந்துள்ளது. மொத்தம் 13 பட்டைகள், அதாவது ஒளியைத் தனித்தனி அலைநீளங்களில் பதியும் அடுக்குகள், உள்ளன. நீலம், பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஆகிய நான்கும் 10 மீட்டர் துல்லியம் கொண்டவை. சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் இடையிலுள்ள சிவப்பு விளிம்புப் பட்டைகளும், இலையின் ஈரத்தை உணரும் குற்றலை அகச்சிவப்புப் பட்டைகளும் 20 மீட்டர் துல்லியம் கொண்டவை.

துல்லியத்தை நமக்குப் பழகிய அளவில் சொல்வதானால், 10 மீட்டர் பிக்சல் (படத்தின் மிகச்சிறு கட்டம்) என்பது ஏறத்தாழ இரண்டரை சென்ட் நிலம். 20 மீட்டர் பிக்சல் என்பது பத்து சென்ட். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் 30 மீட்டர் பிக்சல் என்பது இருபத்திரண்டு சென்ட். ஒரு வீட்டுமனை அளவுள்ள கோயில்காட்டை லேண்ட்சாட்டில் தேடுவது வீண் என்பது இதிலிருந்தே விளங்கும். எனினும் பழைய காலத்தோடு ஒப்பிட லேண்ட்சாட்டை விட்டால் வேறு வழியில்லை. அதன் 30 மீட்டர் படங்கள் 1980-களிலிருந்து கிடைக்கின்றன. லேண்ட்சாட் படங்களைத் தேடப் பயன்படும் கட்ட எண்களில் சேலம் 143-ஆம் பாதையில் 52-ஆம் வரிசையில் வருகிறது. நம் நாட்டின் ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளிலுள்ள லிஸ்-4 கருவி 5.8 மீட்டர் துல்லியம் உடையது. ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தின் பூநிதி தளத்தில் படங்களைத் தேடலாம். ஆனால் லிஸ்-4 படத்தில் நீலப் பட்டையும் குற்றலைப் பட்டையும் இல்லை. ஆகவே அதை வகைப்படுத்தலுக்குத் துணையாகவும், கண்ணால் எல்லை பார்ப்பதற்கும் மட்டும் பயன்படுத்துவது என் வழக்கம்.

உயர விவரத்துக்கு 2000-ஆம் ஆண்டு விண்கலப் பயணத்தில் ரேடார் கொண்டு அளக்கப்பட்ட 30 மீட்டர் எஸ்.ஆர்.டி.எம். தரவு போதுமானது. இதை மறந்துவிட வேண்டாம். சேர்வராயன் மலையில் உயரம் பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறது.

எந்த மாதம்? வேலையின் உயிர்நாடி இங்கேதான்

நான் முதன்முதலில் இம்மலைக்கு ஒரு வரைபடம் செய்தபோது, மேகமே இல்லாத அழகான ஒரு சனவரிப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். வகைகளைச் சரியாகப் பிரித்ததாகக் கணினி காட்டிய துல்லியம் 90 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. அதை அச்செடுத்து நாகலூர்ப் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் விரித்தபோது, அருகிலிருந்த முதியவர் அடர்பச்சையாக நான் தீட்டியிருந்த பகுதியில் விரலை வைத்து, "இது எஸ்டேட்டுங்க தம்பி, நாப்பது வருசமா நான் காய் பறிச்ச இடம்" என்றார். நான் பசுமைமாறாக் காடு என்று குறித்திருந்த பரப்பில் பெரும்பகுதி காப்பிதான் என்பது பிறகு நடந்து பார்த்தபோது தெரிந்தது. தவறு முழுவதும் என்னுடையதே. ஒரே நாளின் படத்தைக் கொண்டு, ஆண்டு முழுவதும் மாறிக்கொண்டிருக்கும் ஒன்றை அளக்க முயன்றிருந்தேன்.

இந்த மலைக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் கிடைக்கின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகம் மிகுதி. மழை நின்றபின் சனவரியில் வானம் தெளியும்போது எல்லாத் தாவரமும் பச்சையாக இருக்கும். பிப்ரவரியின் பிற்பகுதியிலிருந்து மார்ச் முடியும் வரை வறண்ட இலையுதிர் காடு இலையை உதிர்த்துச் சாம்பல் நிறமாகிவிடும். அப்போது பச்சையாக நிற்பவை சோலை, காப்பியும் அதன் நிழல்மரங்களும், மாந்தோப்பு, தென்னை, பாக்கு, நீர் பாய்ந்த பயிர்கள், ஏரி உட்பரப்புகளில் மண்டிய சீமைக்கருவேலம் ஆகியவை மட்டுமே. கோடை மழை பெய்தபின் மே மாத இறுதியில் இலையுதிர் காடு மீண்டும் துளிர்த்துவிடும்.

ஆகவே ஓர் ஆண்டுக்குக் குறைந்தது மூன்று காலப் படங்கள் தேவை: சனவரியில் ஒன்று, மார்ச்சில் ஒன்று, சூன் தொடக்கத்தை ஒட்டி ஒன்று. தாவரச் செறிவைக் காட்டும் என்.டி.வி.ஐ. குறியீடு, அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பெறுவது. சென்டினலில் 8-ஆம் பட்டையும் 4-ஆம் பட்டையும் இதற்குப் பயன்படும். இலையுதிர் காட்டில் சனவரியில் 0.7-ஐ ஒட்டியிருக்கும் இந்த எண் மார்ச்சில் 0.3 அளவுக்கு இறங்கக்கூடும். சோலையில் பெரிய இறக்கம் இராது. சனவரி எண்ணிலிருந்து மார்ச் எண்ணைக் கழித்து வரும் ஒரே ஒரு படத்தைத் திரையில் வைத்துப் பாருங்கள். இலையுதிர் காடு எங்கே முடிகிறது என்பது ஏறக்குறைய உயரக்கோட்டைப் பின்பற்றியே தெரியும்.

அந்தக் கழித்தல் படத்தில் 500 மீட்டருக்குக் கீழே மாறாத பச்சையாகத் தெரிவதைச் சோலை என்று கொள்ள இடமில்லை. அது தோப்பாகவோ, பாசனப் பயிராகவோ, சீமைக்கருவேலமாகவோ இருக்கும். உயரத் தரவின் பயன் இதுதான். மேலே ஆயிரம் மீட்டருக்கு மேல் மாறாத பச்சை தெரிந்தால் அது சோலையா காப்பியா என்ற கேள்வி எழும். அக்கேள்வியைப் பின்னர்த் தனியாகப் பார்ப்போம்.

படங்களைத் தயார் செய்தல்

சென்டினல் படங்களை வழங்கும் கோப்பர்நிக்கஸ் தளத்திலிருந்து இரண்டாம் நிலை 'ஏ' படங்களைப் பதிவிறக்கினால், காற்றுமண்டலத் தாக்கம் நீக்கப்பட்ட தரை எதிரொளிப்பு மதிப்புகள் கிடைக்கும். வேகமான இணையம் இல்லாதவர்களுக்குக் கூகுள் எர்த் என்ஜின் வசதியானது. படத்தை இறக்காமலேயே கணக்கைச் செய்துகொள்ளலாம். இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, 2022 சனவரி 25-க்குப் பிறகு வந்த செயலாக்கப் பதிப்பில் எல்லா மதிப்புகளோடும் 1,000 கூட்டப்பட்டிருக்கும். பழைய படத்தோடு புதிய படத்தை ஒப்பிடுவோர் இந்த ஆயிரத்தைக் கழித்த பிறகே 10,000-ஆல் வகுக்க வேண்டும். இதைக் கவனிக்காதவர்கள், காடு ஒரே ஆண்டில் மெலிந்துவிட்டதாக முடிவு கட்டிவிடக்கூடும். எர்த் என்ஜினில் இதற்கென ஒத்திசைக்கப்பட்ட தொகுப்பு ஒன்று தனியாக இருக்கிறது.

இரண்டாவது, படத்துடன் வரும் காட்சி வகைப்பாட்டு அடுக்கு. அதில் 3 என்பது மேகநிழல், 8-உம் 9-உம் மேகம், 10 என்பது மெல்லிய உயர்மேகம். இவற்றை நீக்கிவிட்டு, அந்தப் பருவத்தின் எல்லாப் படங்களிலிருந்தும் ஒவ்வொரு பிக்சலுக்கும் இடைநிலை மதிப்பை எடுத்து ஒரே படமாகத் தொகுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மலைச்சரிவின் நிழலையும் இந்த அடுக்கு சில நேரங்களில் மேகநிழல் என்று தவறாகக் குறித்துவிடும். செயற்கைக்கோள் நம் கடிகாரப்படி காலை பதினொரு மணியை ஒட்டிக் கடந்து செல்கிறது. குளிர்காலத்தில் அந்நேரத்தில் சூரியன் தென்கிழக்கில் இருப்பதால், வடமேற்குச் சரிவுகள் இருண்டு கிடக்கும். இருண்ட சரிவில் நிற்கும் இலையுதிர் காடு, ஒளி பட்ட சோலையைப் போல ஆழ்ந்த நிறத்தில் தெரிந்து ஏமாற்றும். என்.டி.வி.ஐ. போன்ற விகிதக் குறியீடுகளில் இந்தத் தாக்கம் ஓரளவு அடங்கிவிடும். குற்றலைப் பட்டைகளை நேரடியாகப் பயன்படுத்துவதானால், உயரத் தரவைக் கொண்டு சரிவு ஒளித் திருத்தம் செய்தாக வேண்டும்.

கண்ணால் படித்தல்

வகைப்படுத்தும் கருவிக்குள் நுழையுமுன் இரண்டு மாலைப்பொழுதுகளையாவது வெறுமனே படத்தைப் பார்ப்பதில் செலவிடுங்கள். இந்தப் பரிந்துரையைச் சோம்பேறித்தனம் என்று சிலர் எண்ணக்கூடும். என் அனுபவத்தில் இதைத் தவிர்த்தவர்களே பிறகு மாதக்கணக்கில் திருத்திக்கொண்டிருந்தனர். கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருளில் அகச்சிவப்பைச் சிவப்பு நிறமாகவும், சிவப்பைப் பச்சையாகவும், பச்சையை நீலமாகவும் வைத்தால், உயிருள்ள தாவரம் சிவந்து தெரியும். நகரத்துக்கும் மலைக்கும் இடையே வெள்ளை வெளேரென்று கிடப்பது வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட் சுரங்கப் பகுதி. மலைமேல் பாக்சைட் தோண்டப்பட்ட இடங்கள் வேறு சாயலில் மொட்டையாகத் தெரியும். இவை இரண்டும் தொடக்கத்திலேயே அடையாளம் கண்டு ஒதுக்கத் தக்கவை. ஆனால் அவற்றின் கழிவு மேடுகளில் முளைத்திருக்கும் புதரை முட்புதர்க் காட்டோடு சேர்த்துவிடக் கூடாது.

கோடுகளைக் கவனியுங்கள். இயற்கை எல்லைகள் ஓடையையும் உயரத்தையும் பாறையையும் பின்பற்றி வளையும். நேர்க்கோட்டில் வெட்டுப்பட்ட எந்த எல்லைக்குப் பின்னாலும் ஒரு வேலியோ, ஒரு பத்திரமோ இருக்கும்.

களப்பணி

ஒவ்வொரு வகைக்கும் ஐம்பது இடங்களையாவது தரையில் சென்று பார்க்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி கட்டாயம் தேவை. விண்ணப்பத்தில் நாள், வழி, உடன் வருவோர் விவரம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி முன்கூட்டியே கொடுங்கள். தோட்டங்களுக்கு உரிமையாளர் அல்லது மேலாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். காட்டெருமைகள் தோட்டங்களுக்குள்ளும் வந்து போவதால், விடியற்காலையிலும் அந்தியிலும் தனியாக நடக்க வேண்டாம்.

மலைக்கிராமங்களில் வாழும் மலையாளி என்னும் பழங்குடிச் சமூகத்தினர் ஒருவரை உரிய கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்வதே சிறந்த முறை. பட்டைகளையும் குறியீடுகளையும் நாம் கொண்டுவரலாம். எந்த ஓடையோரம் பழைய மரம் நிற்கிறது, எது முன்பு சாமை விதைத்துப் பிறகு கைவிடப்பட்ட நிலம், எந்தத் தோப்பில் சாமி இருப்பதால் கிளைகூட ஒடிப்பதில்லை என்பவை அவர்களுக்குத்தான் தெரியும். கைவிடப்பட்ட சாமை நிலத்தில் பத்தாண்டுகளில் எழுந்த புதர், படத்தில் கரடு போலவே தோன்றும். அதன் வரலாற்றைச் சொல்லக்கூடியவர் அங்கே வாழ்பவர் மட்டுமே.

ஒவ்வொரு இடத்திலும் நிற்கும்போது, நாற்பது மீட்டர் சுற்றுவட்டத்தில் தாவரம் ஒரே மாதிரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வகைகளின் எல்லையில் நின்று பதிவு செய்த புள்ளியால் பயனில்லை. கைப்பேசியின் இடங்காட்டி அடர்ந்த மரத்தடியில் பத்து மீட்டருக்கு மேலும் பிசகும் என்பதால், ஓரிரு நிமிடம் நின்று அளவீடு நிலைத்தபின் பதிந்துகொள்ளுங்கள். கியூஃபீல்டு செயலியில் சனவரி, மார்ச் படங்கள் இரண்டையும் ஏற்றிச் செல்வது வசதியாக இருக்கும். உயர மரங்கள் மூன்று, கீழடுக்குச் செடிகள் இரண்டு, விதானம் எத்தனை விழுக்காடு மூடியிருக்கிறது, வெட்டு, மேய்ச்சல், தீ ஆகியவற்றின் அடையாளம் உண்டா என்பவற்றை எழுதி, நான்கு திசைக்கும் தலைக்கு மேலும் ஒவ்வொரு படம் எடுங்கள்.

உண்ணிச்செடியைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். மேலே மரவிதானம் மூடியிருக்கும்போது செயற்கைக்கோளுக்கு அது தெரியாது. மேலடுக்கு இலையுதிர்த்து நிற்கும் மாதங்களில், ஈரமுள்ள இடங்களில் பச்சையாக நிற்கும் உண்ணிச்செடி மேலிருந்து தெரிந்து, அந்த இடம் பசுமைமாறாக் காடு என்று தவறாகப் பதிவாகக்கூடும். எனவே களக்குறிப்பில் அதற்கென ஒரு கட்டம் வைத்து, இல்லை, சிதறல், அடர்த்தி என்று மூன்றில் ஒன்றை எழுதிவிடுங்கள்.

வகைப்படுத்தல்

இந்தப் படியைப் பற்றி நூல்களும் காணொளிகளும் ஏராளமாக இருப்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். மூன்று பருவங்களின் பட்டைகள், என்.டி.வி.ஐ., ஈரக் குறியீடு, உயரம், சரிவு ஆகியவற்றை ஒரே அடுக்காக்கி, களப்புள்ளிகளைப் பயிற்சியாகக் காட்டி, பல முடிவு மரங்களின் வாக்கைக் கொண்டு வகையைச் சொல்லும் ரேண்டம் ஃபாரஸ்ட் முறைக்குக் கொடுங்கள். முந்நூறு முடிவு மரங்கள் போதும். முறையை மாற்றுவதால் கிடைக்கும் முன்னேற்றம் சிறிது. மார்ச் மாதப் படத்தைச் சேர்ப்பதாலும், இருபது களப்புள்ளிகளைக் கூட்டுவதாலும் கிடைக்கும் முன்னேற்றம் பெரிது. முடிவில் தனித்தனியாகச் சிதறிய பிக்சல்களை நீக்க, அரை ஹெக்டேருக்குக் குறைந்த துண்டுகளை அருகிலுள்ள வகையோடு சேர்க்கலாம். ஆனால் பாறை, நீர்நிலை, கோயில்காடு ஆகியவற்றுக்கு இந்த விதியைப் பயன்படுத்தக் கூடாது. அரை ஹெக்டேர் என்பது ஒன்றேகால் ஏக்கர். பல கோயில்காடுகள் அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

காப்பியா, சோலையா?

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இங்கே காப்பியை அறிமுகப்படுத்தினார் என்று பதிவுகள் கூறுகின்றன. இரண்டு நூற்றாண்டாகக் காப்பியும் மரமும் ஒன்றாக வளர்ந்த நிலத்தில் அவற்றைப் பிரிப்பது எளிதன்று. பழைய தோட்டங்கள் சிலவற்றில் காட்டுமரங்களே நிழலுக்கு விடப்பட்டிருப்பதால், வானத்திலிருந்து பார்க்கையில் அவை சோலையிலிருந்து அதிகம் வேறுபடுவதில்லை. எந்த ஒற்றைக் குறியீடும் இதைத் தீர்த்துவிடாது. சான்றுகளைச் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

முதற்சான்று வரிசை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மரம் நிமிர்ந்து ஒல்லியாக வளர்வதால், உயர் துல்லியப் படத்தில் அளவொத்த புள்ளிகளாகத் தெரியும். சோலையின் விதானமோ சிறிதும் பெரிதுமான குமிழ்களாக, ஒழுங்கின்றி இருக்கும். 10 மீட்டர் படத்தில் மரத்தைத் தனியாகப் பார்க்க இயலாது என்றாலும், ஒரு பிக்சலைச் சுற்றியுள்ள பிக்சல்களின் மதிப்பு எவ்வளவு சிதறியிருக்கிறது என்ற இழையமைப்பு அளவை ஓர் அடுக்காகச் சேர்த்தால் இந்த வேறுபாட்டில் ஒரு பகுதி கிடைக்கும்.

இரண்டாவது, காலம். தோட்டத்தில் நிழல்மரக் கிளைகளைக் கழிப்பார்கள். அப்போது குறிப்பிட்ட ஒரு தோட்டத்தின் எல்லைக்குள் மட்டும், நேர்க்கோட்டு விளிம்புகளோடு, என்.டி.வி.ஐ. திடீரென இறங்கி, சில மாதங்களில் மீளும். சோலையில் அத்தகைய திடீர் இறக்கத்துக்குத் தீ, வெட்டு, புயல் ஆகியவற்றுள் ஒன்றே காரணமாக இருக்க முடியும். ஐந்து நாளுக்கு ஒருமுறை படம் கிடைப்பதால், மூன்றாண்டுத் தொடரை எடுத்துக்கொண்டால் இந்த அடையாளம் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

மூன்றாவது, சூழல். காய் உலர்த்தும் களம், தகர நிழலமைப்புகள், வளைந்து வளைந்து செல்லும் தோட்டப்பாதை ஆகியவை அருகே இருந்தால் அது காப்பியாக இருக்கும் வாய்ப்பே மிகுதி. எட்ட முடியாத செங்குத்து ஓடைப்பள்ளமாக இருந்தால் சோலைக்கான வாய்ப்பு கூடும். காய் உலர்த்தும் களங்களைப் படத்தில் கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாகப் புள்ளியிட்டு, அங்கிருந்து உள்ள தூரத்தை ஓர் அடுக்காக்கிச் சேர்க்கலாம். இவ்வளவுக்குப் பிறகும் முடிவாகாத துண்டுகள் இருக்கும். அவற்றை ஏதாவது ஒரு பக்கம் தள்ளிவிடாமல், மரநிழல் நிலம், உறுதிப்படவில்லை என்று தனி நிறத்தில் காட்டிவிடுவதே நேர்மை.

துல்லியமும் பரப்பும்

நான் முதல் வரைபடத்தில் பெற்ற 90 விழுக்காட்டின் பொய் எங்கே இருந்தது? ஒரே தோட்டத்துக்குள் வரைந்த ஒரு பலகோணத்தின் பிக்சல்களில் பாதியைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் கொடுத்திருந்தேன். அடுத்தடுத்த பிக்சல்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதால், கணினி தான் ஏற்கெனவே பார்த்ததையே மீண்டும் பார்த்துச் சரியென்று சொன்னது. சோதனைப் புள்ளிகளை வரைபடம் முடிந்தபின், ஒவ்வொரு வகைக்குள்ளும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, பயிற்சிப் புள்ளிகளிலிருந்து விலகிய இடங்களில் புதிதாகப் பார்த்து வர வேண்டும்.

அந்தச் சோதனையிலிருந்து பரப்பையும் திருத்த வேண்டும். கற்பனையான ஓர் எடுத்துக்காட்டு: வரைபடத்தில் சோலை 1,000 ஹெக்டேர், காப்பி 4,000 ஹெக்டேர் என்று வந்திருக்கட்டும். சோலை என்று காட்டிய 80 புள்ளிகளில் 60 மட்டுமே சோலை. மீதி 20 காப்பி. காப்பி என்று காட்டிய 80 புள்ளிகளில் 4 சோலை. மீதி 76 காப்பி. வேறு வகைகளுக்குள் சோலை எதுவும் தவறிப்போகவில்லை என்று கொள்வோம். அப்படியானால் முதல் வகையில் உண்மையான சோலை 1,000-இல் முக்கால் பங்கு, அதாவது 750 ஹெக்டேர். இரண்டாவதில் 4,000-இல் இருபதில் ஒரு பங்கு, அதாவது 200 ஹெக்டேர். சோலையின் திருத்திய பரப்பு 950 ஹெக்டேர். வரைபட எண்ணுக்கு இது மிக அருகில் இருப்பதைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. சோலை என்று வண்ணம் தீட்டிய இடத்தில் நான்கில் ஒன்று சோலையன்று. உண்மையான சோலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காப்பி நிறத்துக்குள் மறைந்து கிடக்கிறது. மொத்தப் பரப்பு சரியாக வந்தும் இடங்கள் தவறாக இருக்கலாம். வாழிடப் பாதுகாப்புக்கு இடம்தான் முக்கியம் என்பதால், வகைவாரிப் பிழைகளை முழு அட்டவணையாகவே வெளியிடுங்கள். மொத்தத் துல்லியம் என்ற ஒற்றை எண்ணை முன்னிறுத்த வேண்டாம்.

பழைய படங்களோடு ஒப்பிடுதல்

லேண்ட்சாட் கொண்டு 1990-களோடு ஒப்பிட விரும்புவோர், இரு காலத்துக்கும் ஒரே மாதத்தின் படங்களை எடுக்க வேண்டும். அந்தந்த ஆண்டின் மழையளவையும் பார்க்க வேண்டும். மழை பொய்த்த ஆண்டின் மார்ச் மாதத்தை நல்ல மழை பெய்த ஆண்டின் மார்ச்சோடு வைத்தால், அழியாத காடும் அழிந்ததாகத் தோன்றும். லேண்ட்சாட்-7 படங்களில் 2003 மே மாத இறுதியில் ஒரு கருவி பழுதானதால், அதற்குப் பிந்தையவற்றில் கோடு கோடாக இடைவெளி இருக்கும். சென்டினல் வரைபடத்தை 30 மீட்டர் பிக்சலுக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

வெளியிடுமுன்

சேர்வராயன் மலைக் காடுகளில் சந்தன மரம் இயற்கையாக வளர்கிறது. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் 1963-இல் ஏற்காட்டில் அமைக்கப்பட்டது; அந்த அளவுக்கு ஆர்க்கிட் செடிகளுக்கு உகந்த மலை இது. இவ்விரண்டையும் களத்தில் கண்ட துல்லியமான ஆள்கூறுகளைப் பொதுவெளியில் வைப்பது திருடர்களுக்கு வழி சொல்வதாகிவிடும். களப்புள்ளிகளை வெளியிடும்போது இந்தப் பதிவுகளை நீக்கிவிடுங்கள். அல்லது ஒரு கிலோமீட்டர் கட்டத்துக்குப் பொதுமைப்படுத்திக் கொடுங்கள். கோயில்காடுகளின் பெயர்களை எழுதலாமா என்பதை அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

வரைபடத்தின் மூலையில் வடக்கு அம்புக்குறியையும் அளவுகோலையும் தவிர, படங்களின் நாட்கள், களப்பணி நடந்த மாதங்கள், மிகச்சிறிய துண்டின் அளவு, ஒவ்வொரு வகைக்கும் ஒருவரி வரையறை ஆகியவற்றை அச்சிடுங்கள். முடிந்தால் இரண்டு படிகள் கூடுதலாக எடுத்து, உடன் நடந்தவரிடம் ஒன்றையும், தவறு சுட்டிக் காட்டக்கூடிய ஒரு தேநீர்க் கடையில் இன்னொன்றையும் கொடுத்துவிட்டு, சில வாரம் கழித்துத் திரும்பிப் போய்க் கேளுங்கள்.